கடைவீதியில் கதவுகள் எத்தனை

திண்டிவனம்
6-2-1966

ஏ ஆண்டாளு, நல்லாருக்கிறியா? சாப்டியா? பல்லுவலின்னு சொன்னியே, போச்சா? நான் நல்லாத்தான் இருக்கேன். பொங்கலுக்குப் போட்ட கடுதாசிக்கு நீ பதில் போடல. அதுக்கு முந்தினதுக்கும் போடல. சரின்னு போஸ்ட்மேன் மேல பழியப் போட்டுட்டு திரும்பவும் எழுதறேன். மூணாவதோட நின்னவன் கையெழுத்து. கொக்கு நடந்த சேறு மாதிரி இருந்தா சிரிக்காத.

இங்க ஸ்டேஷனுக்குப் புது ஆபீசர் வந்திருக்காரு. மெட்ராஸ்காரரு, ஒல்லி. டீ குடிக்கறப்பகூட தொப்பிய கயட்டமாட்டாரு. வந்த மொத நாளே எங்கள வரிசையா நிக்க வச்சாரு. "நெருப்பு புடிச்சப்புறம் போய் கதவு எங்க, கெணறு எங்கன்னு தேடறவன் இன்னா பயர்மேன்?"னாரு. என் பக்கத்து கட்டில்காரன் பாண்டுரங்கனுக்கு வாய் நிக்காதே. "தேடாம எப்படி சார் தெரியும்?"னான். "வரதுக்கு முன்னாடியே போய் பாத்து வச்சிக்கணும்யா"ன்னாரு.

நெசந்தான் ஆண்டாளு. போன வருசம் பனமலையில ஒரு கூர வீடு எரிஞ்சிது. வண்டிய ஏரிக்கர மேல உட்டோம். பாதி தூரம் போனா, கர வண்டிய தாங்காதுன்னு ஒரு கெழவன் குறுக்க வந்து படுத்துகினான். திரும்பி ஊரச் சுத்திப் போறதுக்குள்ள அவங்களே அணைச்சிட்டாங்க. எங்களுக்கு மோரு குடுத்து அனுப்பினாங்க. மோரு நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா முழுங்க முடியல.

அதனால இப்ப ஊரு ஊரா கடைவீதிய படமா வரைஞ்சி வச்சிக்கணும்னு உத்தரவு. எந்தச் சந்துல வண்டி நுழையும், எந்தக் கெணத்துல கோடையிலயும் தண்ணி நிக்கும், எந்த வீட்ல எண்ணெய், எந்த வீட்ல சாக்கு, வாசல் எத்தன, படுத்த படுக்கையா ஆரு இருக்காங்க, எல்லாம். செஞ்சியில இருந்து போன் வந்து நாங்க வண்டிய எடுத்துகினு வரதுக்குள்ள முன்பக்கம் பாதி போயிடும். அங்க நின்னு யோசிக்க முடியாது பாரு.

"விநாயகம், செஞ்சி உன் மாமனார் ஊராமே, நீ போய்ட்டு வா"ன்னாரு ஆபீசர். சரி சார்னு சொல்லிட்டு ஒக்காந்திருக்கேன். எப்படி வருவேன்? தீவாளிக்கு உங்க நைனா மண்டி வாசல்ல வச்சி, "ஊரான் வீட்டு நெருப்புல உழறவனுக்கா பொண்ண குடுத்தேன்? மண்டியில வந்து ஒக்காரு, இல்லன்னா பொண்ண உட்டுட்டுப் போ"ன்னாரு. "இந்த வாசப்படிய இனிமே மிதிக்கமாட்டேன்"னு நானும் சொல்லிட்டேன். நீ தூணப் புடிச்சிகினு நின்ன. வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. அம்மா இல்லாத வீடு, நைனாவ தனியா உட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனாலும் நீ வாயத் தொறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நீயே கடைவீதிய ஒரு நட நடந்து பாத்து எழுது. ஒனக்கு அஞ்சாவது கிளாஸ் டீச்சர் மாதிரி கையெழுத்து. ஆபீசர் படிப்பாரு.

குவார்ட்டர்ஸ் ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சேன். அடுப்பு பக்கம் ஒரு பலக வச்சி ஆணி அடிச்சிருக்கேன். ஒன் கைக்கு எட்டுமான்னு பாக்க ஆளில்ல.

விநாயகம்


செஞ்சி
13-2-1966

உங்களுக்கு ஆண்டாள் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். பல்வலி போய்விட்டது.

பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்க இரண்டு வரி. கடைவீதியில் கதவு எத்தனை என்று கேட்க ஒரு பக்கம். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

எங்கள் மண்டியில் மல்லாட்டைக் கடலை புடைக்கிற பூவாயியைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். எங்கள் வரிசைக்குப் பின்னால் போகிற சந்து எவ்வளவு அகலம் என்று எப்படி அளப்பது? அவள் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். அப்படியும் இரண்டு பக்கமும் சுவர் எட்டவில்லை. துணிக்கடை சிங்காரவேலு தம் பின்வாசலில் நின்றுகொண்டு, "இன்னாமே பூவாயி, பறக்கப் போறியா?" என்றார். "ஒன் கடைய தூக்கிகினு பறக்கலாமான்னு பாக்கறேன்" என்றாள் அவள். மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி அந்தச் சந்தில் வந்து திரும்பாமலே அடுத்த பக்கம் போய்விடும். உங்கள் வண்டியும் போகும் என்று நினைக்கிறேன்.

முன்வீதிதான் நெருக்கம். சந்தை நாளில் ஆளே நுழைய முடியாது. தண்ணீருக்கு செட்டிகுளம் தூரம். எண்ணெய்க்கடைக்குப் பின்னால் உள்ள பொதுக்கிணறு சித்திரையிலும் வற்றாது. வரிசையில் எல்லா வீட்டுக்கும் பின்வாசல் உண்டு. எல்லாம் சந்துக்குத்தான் திறக்கின்றன. நாங்கள் போனபோது எல்லாவற்றிலும் யாராவது நின்றுகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

படுக்கையில் இருப்பவர் யார் என்று கேட்டது பெரிய பாடு. சிங்காரவேலு, "எங்கம்மா படுத்திருக்கறது பயர் எஞ்சினுக்கு எதுக்கு? அது இன்னா டாக்டர் வண்டியா?" என்று சண்டைக்கு வந்தார். பிறகு அவரே கூப்பிட்டு, லட்சுமியம்மாள் பின்கட்டில் இடதுகை அறையில் இருக்கிறார், காது கேட்காது, கூப்பிட்டால் வரமாட்டார், தூக்கத்தான் வேண்டும் என்று எழுதச் சொன்னார்.

எங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

ஆண்டாள்


திண்டிவனம்
19-2-1966

ஆண்டாளு, ஒன் கடுதாசிய ஆபீசர் நின்னுகினே படிச்சாரு. தொப்பிய கயட்டிட்டுப் படிச்சாரு. சாமி சத்தியமா. அப்புறம் பென்சில எடுத்து ஒன் சந்த வரைஞ்சாரு. பூவாயி கைய விரிச்சிகினு நிக்கற எடத்துல ஒரு கோடு போட்டு, "இந்தம்மா ஒசரம் எவ்ளோ?"ன்னு கேட்டாரு. கைய விரிச்ச அகலமும் ஆள் ஒசரமும் ஒண்ணாம். பாண்டுரங்கன் எழுந்து நின்னு கைய விரிச்சிக் காட்டினான். சுவத்துல மாட்டியிருந்த காலண்டர் கீழ உழுந்துச்சி.

பாண்டுரங்கன் கதைய தனியா எழுதணும். அவன் ஊரு மேல்சித்தாமூர் பக்கம். லீவுல போனான்னா வரப்ப ஒரு மூட்ட முறுக்கு கொண்டாருவான். தூக்கத்துல "தண்ணி தொற, தண்ணி தொற"ன்னு கத்துவான். நானும் எழுந்து தொறந்துடுவேன், கொழாய. சரி, அது கெடக்கட்டும்.

உங்க வீட்ட எழுதாம உட்டுட்டியே. ஊர்லயே அதுலதான் எரியற சாமான் ஜாஸ்தி. மண்டி நெறைய மல்லாட்ட மூட்ட, மச்சு நெறைய காலி சாக்கு. எரிய ஆரம்பிச்சா முன்பக்கந்தான் மொதல்ல போவும். அப்ப பின்பக்கமா வரணும். எனக்கு மனசுல தெரிஞ்சத வரைஞ்சி பாத்தேன். மண்டி, அப்புறம் நட, நடக்கு ரெண்டு பக்கம் ரூமு, முத்தம், சமையக்கட்டு, பின்வாசல். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வீட்ல நான் இருந்தது கொஞ்ச நாள்தான். ஆனா முத்தத்துல நீ கோலப்பொடி டப்பாவ வைக்கற மாடங்கூட ஞாபகம் இருக்குது. அத படத்துல போட்டேன். ஆபீசர், "இது இன்னாய்யா?"ன்னாரு. "மாடம் சார்"னேன். அழிச்சிட்டாரு.

இப்ப நீ எந்த ரூமுல படுக்கற? பழைய ரூமா, உங்க நைனா பக்கத்து ரூமா? படத்துக்குத்தான் கேக்கறேன்.

விநாயகம்


செஞ்சி
25-2-1966

உங்களுக்கு ஆண்டாள் எழுதிக்கொண்டது.

எங்கள் வீட்டுப் பின்வாசலை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். நைனா மண்டியிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தார்.

"இன்னா பண்ற?"

"கதவ அளக்கறேன் நைனா."

"புதுக்கதவு போடறதுக்கா? இது எங்க தாத்தா போட்டது. இன்னும் நூறு வருசம் நிக்கும்."

"போடறதுக்கு இல்ல."

"பின்ன ஆருக்கு?"

நான் நூலில் முடிச்சுப் போட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார். "அளக்கறவன் நேர்ல வந்து அளக்கட்டும். வாசல் தொறந்துதான் கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்தது உங்களுக்குப் புரிகிறதா? உங்கள் பெயரைச் சொல்லவில்லைதான். தீபாவளிக்குப் பிறகு உங்களைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு இது. வாருங்கள். ஒருநாள் வந்து மண்டி வாசலில் நின்றால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களோடு வர எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த மனிதரைக் கோபத்தோடு தனியாக விட்டுவிட்டு வந்தால், அங்கே உங்கள் பலகையில் பாத்திரத்தை அடுக்கிவிட்டு நான் அழுதுகொண்டுதான் இருப்பேன். அவர் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்வாசல் நல்ல அகலம். இரட்டைக் கதவு. சந்துப் பக்கம் வண்டி நிற்கத் தாராளமாக இடம் இருக்கிறது. நடை நேராக மண்டிவரை போகிறது. நடுவில் தடை ஒன்றும் இல்லை.

நான் படுப்பது பழைய அறையில்தான். அதை ஆபீசர் படத்தில் போட வேண்டாம்.

ஆண்டாள்


திண்டிவனம்
4-3-1966

ஆண்டாளு, கடைசி வரிய நான் கையால மறைச்சிட்டுத்தான் ஆபீசருக்குக் காட்டினேன். மறைச்சதப் பாத்துட்டு பாண்டுரங்கன் ரெண்டு நாளா கேக்கறான், "இன்னாடா அது, இன்னாடா அது"ன்னு.

உங்க நைனா சொன்னத நாலு தடவ படிச்சேன். வாசல் தொறந்துதான் கெடக்குதுன்னா, மண்டி வாசல் ஊருக்கே தொறந்துதான் கெடக்கும். வாடிக்கக்காரனுக்கு சொல்றது அது. மாப்ளைய வரச்சொல்லுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், மறுநாள் வரேன். ஊரே பாக்க சொன்னாரில்ல, "பொண்ண உட்டுட்டுப் போ"ன்னு? நான் மண்டகப்பட்டுல ஏர் ஓட்டறவங்க புள்ளன்னா கேவலமா?

கோவிச்சிக்காத. நானே எழுதிட்டு நானே அடிச்சிடலாமான்னு பாத்தேன். அடிச்சா ஆபீசர் காயிதம் வீணாவும்.

படம் முடிஞ்சிது. சுவத்துல ஒட்டிட்டாங்க. செஞ்சி கடைவீதிதான் எல்லாத்துலயும் நல்லா வந்திருக்குதுன்னு ஆபீசர் சொன்னாரு. உங்க வீட்டுப் பின்வாசல்ல செவப்பு பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டிருக்குது. வண்டி அங்கதான் நிக்கணும்னு அர்த்தம். அத நான் போட்டேன். இன்னா நடந்தாலும் பின்பக்கமா வந்து ஒன்ன தூக்கிகினு போயிடுவேன். உங்க நைனா வாசப்படிய மிதிக்காமலே. சும்மா சொன்னேன், சிரி.

சிரிச்சியா? எழுது.

விநாயகம்


செஞ்சி
2-4-1966

உங்களுக்கு ஆண்டாள் எழுதிக்கொண்டது.

உங்கள் கை எப்படி இருக்கிறது? கட்டுப் போட்ட கையோடு வண்டியில் ஏறிப் போனீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை. தீ அணைந்து இன்றோடு ஒரு வாரம் ஆகிறது. ஒரு வரி இல்லை. நான் என்ன செய்தேன் என்று இந்தக் கோபம்?

நீங்கள் பார்த்தது பின்பக்கம். முன்பக்கம் நடந்ததை நான் எழுதுகிறேன். அதற்கப்புறம் கோபப்படுங்கள்.

அன்று மாலை நான் சமையலறையில் இருந்தேன். சாமி மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் பூவாயி வீதியிலிருந்து கத்தினாள். மச்சில் இருந்த காலிச் சாக்கு எப்படிப் பிடித்துக்கொண்டது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் முன்வீதிக்கு ஓடினோம். பக்கத்து வீட்டாரும் அப்படித்தான். சிங்காரவேலு துணிக் கட்டுகளை வீதியில் எறிந்துகொண்டிருந்தார். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போடத் தபாலாபீசுக்கு ஆள் ஓடியது. அதற்குள் எண்ணெய்க்கடைப் பையன்களில் ஒருவன், மேல்சித்தாமூர் வைக்கோல் போரை அணைத்துவிட்டு உங்கள் வண்டி சாலையில் திரும்பிப் போவதாகக் கேள்விப்பட்டு, சைக்கிளில் போய் மறித்தான். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள்.

வண்டியின் மணி பின்சந்தில் கேட்டது. நீங்கள் படத்தில் போட்டபடிதான் வந்தீர்கள். அப்புறம் கோடாலி சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் எந்த வீட்டில் பின்கதவு திறந்திருக்கும்? மகாலட்சுமி முன்வாசலில் வந்து பின்வாசலில் போய்விடுவாள் என்று, விளக்கைத் தொடுவதற்கு முன்னால் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, குறுக்குக் கட்டையும் போடுகிறோம். பிறந்ததிலிருந்து செய்கிறோம். அன்றைக்கும் என் கையால்தான் போட்டேன். வரிசை முழுக்க அப்படித்தான். நீங்கள் கேட்டது பகலில். நான் நடந்து பார்த்தது பகலில். உங்கள் அம்மாவும் மண்டகப்பட்டில் அதையேதான் செய்கிறார். நீங்களும் கேட்கவில்லை, எனக்கும் எழுதத் தோன்றவில்லை.

"பின்கதவ தொறங்க, பின்கதவ தொறங்க" என்று நீங்கள் சந்தில் கத்தினது வீதிவரைக்கும் கேட்டது. நைனாவுக்கும் கேட்டது. "அது மாப்ள குரல்" என்றார். நான் பிடிப்பதற்குள் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கட்டையை எடுத்து உங்களுக்குக் கதவு திறப்பதற்குத்தான் போனார். நடையிலேயே விழுந்துவிட்டார். கதவு உடையாததால் நீங்கள் வரிசையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடிவந்து, நெருப்புக்கு நடுவில் போய் அவரை இழுத்து வந்தீர்கள். அவரை வீதியில் கிடத்திவிட்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போனீர்களே, அது ஏன்?

லட்சுமியம்மாளை உங்கள் பாண்டுரங்கன் கூரை ஓடுகளைப் பிரித்து இறங்கித் தூக்கிவந்தார். கூப்பிடவில்லை, நேராகத் தூக்கினாராம். சிங்காரவேலு அதைப் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

நைனா உயிரோடு இருக்கிறார். மூச்சு இழுக்கிறது. பேசினால் இருமல் வருகிறது. மண்டியும் முன்வாசலும் கரியாகிவிட்டன. வீட்டுக்கு இப்போது பின்வாசல்தான் வாசல். அங்கேதான் கோலம் போடுகிறேன், அங்கேதான் விளக்கு வைக்கிறேன்.

ஆண்டாள்


திண்டிவனம்
7-4-1966

ஆண்டாளு, சாப்டியா? உங்க நைனா சாப்டறாரா? கஞ்சி குடிக்கறாரா?

இடது கையால காயிதத்த அமுக்க முடியல. டம்ளர வச்சிட்டு எழுதறேன். கொக்கு இப்ப நொண்டுது.

கோவம்னு கேட்ட. இன்னாத்த சொல்றது. நான் முன்பக்கம் ஓடியாந்தப்ப, "கோதண்டராமன் உள்ள போய்ட்டாரு"ன்னு உங்க நைனா பேரச் சொல்லி ஜனங்க கத்தினாங்க. மூட்டைய காப்பாத்தப் போனாருன்னு நெனச்சேன் ஆண்டாளு. மல்லாட்டைக்காக உசுரயே குடுக்கறாரே இந்த மனுசன், பொண்ண தவிக்க உட்டுட்டுப் போறாரேன்னு எனக்கு ஒடம்பெல்லாம் பத்திகினு வந்திச்சி. அதான் மூஞ்சிய பாக்கல. எதிர்ல நின்னா ஏதாவது சொல்லிடுவேன்னு வண்டியில ஏறிட்டேன். ஒரு வாரமா அதே நெனப்புதான். கதவ தொறக்கப் போனாருன்னு நீ எழுதினப்புறம், கடுதாசிய மடிச்சி வச்சிட்டு வண்டிய தொடைக்கப் போனேன். தொடைச்ச எடத்தயே தொடைச்சிகினு இருந்தேன். பாண்டுரங்கன் வந்து துணிய புடுங்கிட்டான்.

"மாப்ள குரல்"னா சொன்னாரு? அப்படியேவா?

ஆபீசர்கிட்ட போய் விளக்கு வைக்கற சேதிய சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தேன். அவரு நாக்காலியில சாஞ்சிகினு, "எங்க வீட்லயும் அதாய்யா. எங்கம்மா என்னையே வெளிய வச்சி சாத்தியிருக்காங்க. எனக்கே தோணல பாரு"ன்னாரு. இப்ப எல்லா ஊருப் படத்தயும் கீழ எறக்கிட்டோம். திரும்ப ஒருதரம், பொழுது சாயற நேரத்துல போய்ப் பாக்கணும்னு சொல்லிட்டாரு. சாமிய கும்பிட வேணாம்னு ஆரும் சொல்லமாட்டாங்க. கட்டைய போடாம வெறும் தாழ்ப்பா போட்டா போதுமான்னு ஒவ்வொரு வீடா கேக்கணும்.

நான் வரலாமா ஆண்டாளு? அவரு கூப்பிடணும்னு காத்திருக்கல. நீ வரலாம்னு சொன்னா போதும்.

விநாயகம்


செஞ்சி
12-4-1966

உங்களுக்கு ஆண்டாள் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் படித்தேன், மூட்டை என்று நீங்கள் நினைத்ததையும். படிக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் விட முடியவில்லை.

அவருக்கு இருமல் வந்து போனது. பிறகு, "நெனப்பான். நான் அப்படித்தானே நடந்துகினேன்" என்றார்.

"அவரு வரலாமான்னு கேக்கறாரு நைனா."

"கேக்கணுமா? மருமவன் மாமனார் வீட்டுக்கு வரதுக்கு பர்மிஷனா?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வரப்ப கட்டு பிரிச்சிட்டு வரச்சொல்லு, கைய பாக்கணும்" என்றார். அதற்கப்புறம் சொன்னதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். "நீ அவன்கூட போ. கண்ணம்மா அத்தை இங்க வந்து இருக்கட்டும். அவ சமையல் வாயில வைக்க முடியாது. ஆனா சாவமாட்டேன்" என்றார்.

அத்தை வந்துவிட்டார். சமையல் அவர் சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

நான் இன்னும் பெட்டி கட்டவில்லை. அவர் இருமும்போது முதுகைத் தடவ நான்தான் வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அவர் இருமாத நேரத்தில் பழைய அறையில் உட்கார்ந்து, திண்டிவனம் பஸ் போகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் தெரியும் என்று நினைக்கிறேன். வாருங்கள்.

ஆண்டாள்


திண்டிவனம்
15-4-1966

ஆண்டாளு, நல்லாருக்கிறியா? ஒன் கடுதாசி இப்பதான் வந்திச்சி. லீவு கேட்டேன். ஆபீசர் ஞாயித்துக்கெழம போய்ட்டு வான்னாரு. "பொண்டாட்டிய இட்டுகினு வரதுன்னா ஒரு நாள் பத்துமாய்யா?"ன்னு கேட்டுட்டு அவரே ரெண்டு நாள்னு எழுதினாரு. பாண்டுரங்கன் உங்க நைனாவுக்கு முறுக்கு குடுத்தனுப்பறேன்றான். இருமறவருக்கு முறுக்கு எதுக்குடான்னா, "பாத்துகினு இருக்கட்டும்டா"ன்றான். அவன் ஆயா ஒருத்தி இருமலுக்கு தூதுவள கஷாயம் வச்சிக் குடுப்பாங்களாம். அந்தக் கெழவி கதைய கேட்டா நீ உழுந்து உழுந்து சிரிப்ப. ஒரு தடவ அவங்க கஷாயம்னு நெனச்சி மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணிய, சரி, வந்து சொல்றேன், இப்ப அது எதுக்கு.

பஸ் நெனச்ச நேரத்துக்கு வராது. எப்படியும் பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். உடனே பெட்டி கட்டுன்னு நான் சொல்லமாட்டேன். நான் பாத்து வச்சிருக்கறது இதுதான். அவரு எழுந்து நடமாடற வரைக்கும் நீ அங்க இரு. நான் வாராவாரம் லீவு நாள்ல வந்துட்டுப் போறேன். அவரு நல்லா நடந்தப்புறம் நீ கெளம்பு. அதுவும் அவருக்குப் புடிச்சாதான். இத நான் அவர்கிட்ட நேர்ல சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு காலையில இருந்து வண்டி முன்னாடி நின்னு பழகிப் பாக்கறேன். மொதல்ல அவரு பக்கத்துல போய் தரையில ஒக்காந்துக்கணும். கைய நீட்டணும், பாக்கணும்னாரே. அவரு கைய பாத்துகினு இருக்கறப்பவே, "மாமா, அன்னைக்கி நீங்க கதவ தொறக்கத்தான் போனீங்கன்னு தெரியாம நான் உங்க மூஞ்சிய பாக்காம"ன்னு ஆரம்பிச்சா, அதுக்கு மேல வாய் வரல. நீ பக்கத்துல இருந்தா வரும். அப்ப நீ மட்டும் எழுந்து சமையக்கட்டுக்குப் போயிடாத, என்ன, எங்க பக்கத்துலயே ஒக்காந்துகினு, நான் பாதியில நின்னன்னா நீ

இரு, பாண்டுரங்கன் கூப்பிடறான். மணி அடிச்சிட்டாங்க. எந்த ஊருன்னு தெரியல, ஆபீசர் படத்த எடுக்கறாரு, நான் பூட்ஸ மாட்டிகினு